டி.வி. நல்லா இருக்கு... அது என்ன சொல்லுது?

அந்த ஜங்ஷனின் பெயர் வேண்டாம். எல்லா ஜங்ஷனிலும் நடப்பதுதான்.

ராத்திரி ஒன்பதே கால். என் ஒரு கையில் சித்தப்பா, மறு கையில் அவருடைய ஏர்பேக். (இரண்டில் ஏர்பேக்தான் கனம்!) தலைக்கு மேலே, சினிமாத் திரைக்குத் தம்பி மாதிரி ஒரு டிஜிட்டல் போர்டு. புதுசு. பளபளவென்று மின்னியது.

முதலில் ஒரு பனியன் விளம்பரம் வந்தது. சரி, பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து நகைக்கடை. அடுத்து இன்ஜினீயரிங் காலேஜ் அட்மிஷன். நாலாவதாக, ஸ்டேஷனைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும்படி ஒரு வேண்டுகோள். (குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை.) ஒருவழியாக ரயில்களின் பட்டியல் வந்தது... இந்தியில். எனக்கு 'மாலூம் நஹி' வரைதான் மாலூம். அப்புறம் இங்கிலீஷ். வண்டி நம்பரைத் தேடிப் பிடிப்பதற்குள் பக்கம் புரண்டுவிட்டது. கடைசியில் தமிழ் வந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து சித்தப்பா தண்ணீர் கேட்டார். குனிந்து பாட்டிலை எடுத்து நிமிர்ந்தால்... மறுபடியும் பனியன்!

சித்தப்பாவுக்கு வயது 71. சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கி நாலு வருஷமாகிறது. வெளிச்சம் தெரியும், ஆள் நடமாட்டம் நிழலாகத் தெரியும், எழுத்து தெரியாது. அவரும் என்னோடு சேர்ந்து அண்ணாந்து பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்:

"டி.வி. நல்லா இருக்குடா... அது என்ன சொல்லுது?"

என்னிடம் பதில் இல்லை. ஸ்பீக்கர் கரகரத்தது. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' வரை தேன் மாதிரி கேட்டது. கனிவாகக் கவனித்த பிறகு சொன்னது ஒன்றும் கேட்கவில்லை.

திருதிருவென்று விழித்த எங்களைப் பார்த்து ஒரு போர்ட்டர் வந்தார். வண்டி பெயரைச் சொன்னேன்.

"அஞ்சாம் நம்பர் சார். தினமும் நாலுல வரும், இன்னிக்கு மாத்திட்டாங்க. எஸ்-7ஆ? இந்தப் படியில இறங்காதீங்க, அடுத்த படியில இறங்குங்க. பெட்டி எதிர்லயே நிக்கும். பெரியவரு இருக்காருல்ல, இப்பவே கிளம்புங்க, டயம் சரியா இருக்கும்."

பத்து விநாடி ஆகியிருக்குமா? எந்த பிளாட்பாரம், என்ன மாற்றம், எந்த வழி, எவ்வளவு நேரம் இருக்கிறது... நாலும் வந்துவிட்டது. ஆளைப் பார்த்து, ஆளுக்கு ஏற்ற மாதிரி. கரன்ட் செலவு இல்லை, விளம்பர இடைவேளை இல்லை!

இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் 'ஸ்மார்ட்' என்கிறார்கள். அன்று அந்த ஸ்டேஷனில் ஸ்மார்ட்டாக இருந்தது யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

*

போர்டின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. சாக்பீஸால் 'தாமதம்: 2 மணி' என்று எழுதிய கரும்பலகைக் காலத்திலிருந்து பார்த்தால், எவ்வளவோ தூரம் வந்திருக்கிறோம்.

நடுவில் ஒரு அற்புதமான போர்டு இருந்தது. பழைய வெளிநாட்டுப் படங்களில் ஏர்போர்ட் சீன் வந்தால் பார்த்திருப்பீர்கள். சீட்டுக்கட்டைக் கலைக்கிற மாதிரி 'சடசடசட'வென்று தகடுகள் புரண்டு, ஊர்ப் பெயர்கள் மாறும். இத்தாலியில் கடிகாரம் செய்துகொண்டிருந்த சோலாரி கம்பெனியின் கைவேலை. பெல்ஜியம் நாட்டு லியேஜ் ரயில் நிலையத்தில் 1956-ல் மாட்டினார்கள். அப்புறம் உலகமெங்கும் பரவியது.

அந்தச் 'சடசட' சத்தத்தில்தான் விஷயம் இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறவர், குழந்தைக்குப் பால் கொடுக்கிற தாய், அரைத் தூக்க ஆசாமி எல்லோரும் சத்தம் கேட்டதும் தலையை நிமிர்த்துவார்கள். 'ஏதோ மாறியிருக்கு' என்று காதுக்குத் தெரிந்த பிறகுதான் கண்ணுக்கு வேலை. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து சவுத் ஸ்டேஷனில் பழைய போர்டைக் கழற்றி எலெக்ட்ரானிக் போர்டு வைத்தபோது, புதுசில் தகடே கிடையாது. ஆனாலும் பட்டியல் மாறும்போது அதே 'சடசட' சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டார்கள். வேடிக்கையாக இருக்கிறதா? எனக்கு அது புத்திசாலித்தனமாகப் படுகிறது.

சரி, போர்டு எதற்கு? ரயில் சீக்கிரம் வருவதற்கா? போர்டால் ரயிலை ஒரு நிமிஷம்கூட முன்னால் இழுக்க முடியாது. அது காத்திருக்கிறவனின் வயிற்றெரிச்சலைக் குறைக்கும், அவ்வளவுதான். அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

டேவிட் மெய்ஸ்டர் என்ற நிர்வாகவியல் ஆசாமி 1985-ல் காத்திருப்பின் மனோதத்துவம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சாரம் இதுதான்: எவ்வளவு நேரம் என்று தெரிந்த காத்திருப்பைவிட, தெரியாத காத்திருப்பு நீளமாகத் தோன்றும். காரணம் சொல்லாத காத்திருப்பு, காரணம் சொன்னதைவிட நீளம். சும்மா இருக்கிற நேரம், ஏதாவது செய்துகொண்டிருக்கிற நேரத்தைவிட நீளம்.

ஆபீஸ்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இன்க்ரிமென்ட் விஷயமாக மானேஜர் அறை வாசலில் நின்றிருக்கிறீர்களா? 'அரை மணி ஆகும்' என்று பியூன் சொல்லிவிட்டால் கான்டீனுக்குப் போய் நிம்மதியாக டீ குடிக்கலாம். 'இதோ கூப்பிடுவார்' என்றால் பத்து நிமிஷத்திலேயே வேர்த்துக் கொட்டிவிடும். பிளாட்பாரமும் அப்படித்தான். லண்டன் பாதாள ரயிலில் 1980-களிலேயே 'அடுத்த வண்டி இத்தனை நிமிஷத்தில்' என்று புள்ளி எழுத்தில் காட்ட ஆரம்பித்ததற்குக் காரணம் இதுதான். நம்ம சென்னை மெட்ரோவில் '3 நிமிடம்' என்று பார்த்ததும் ஒரு அப்பாடா வருகிறதே, அதுவும் இதுதான்.

*

இந்த நிமிஷக் கணக்கு போர்டுக்கு எப்படித் தெரிகிறது? ஜோசியம் இல்லை.

முன்பெல்லாம் வண்டி ஒரு ஸ்டேஷனைத் தாண்டினால் அங்கிருந்து கன்ட்ரோல் ஆபீசுக்குத் தகவல் போகும். அதை வைத்து அடுத்த ஸ்டேஷன்காரர் ஒரு கணக்குப் போடுவார். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இப்போது ரயில்வேக்கு 'கிரிஸ்' என்று ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு இருக்கிறது, 1986-ல் தொடங்கியது. இஸ்ரோவோடு சேர்ந்து இன்ஜினிலேயே ஒரு கருவியைப் பொருத்துகிறார்கள். 'ககன்' செயற்கைக்கோள் வசதியின் உதவியோடு, வண்டி எங்கே, எவ்வளவு வேகம் என்று 30 விநாடிக்கு ஒரு தடவை அது சொல்லிவிடும். நடுக்காட்டில் நின்றாலும் தெரியும்.

இது போக, உங்கள் பாக்கெட்டில் இருக்கிற போன். பக்கத்து செல்போன் டவரை வைத்தே வண்டி இருக்குமிடத்தைக் காட்டும் 'வேர் இஸ் மை டிரெயின்' செயலியைப் பெங்களூர்ப் பையன்கள் செய்தார்கள். 2018-ல் அந்தக் கம்பெனியை கூகுள் வாங்கிக்கொண்டது.

ஆக, போனில் விரல் ஓட்டத் தெரிந்த உங்களுக்கும் எனக்கும் போர்டு ஒரு உபரி வசதி. யாருக்கு அது உயிர்நாடி? பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு. எழுதப் படிக்கத் தெரியாத கட்டட வேலைக்காரருக்கு. ஊர் மொழி தெரியாமல் வந்து இறங்கும் பிழைப்பாளிக்கு. சார்ஜ் தீர்ந்து 'ஙே' என்று விழிக்கும்போது உங்களுக்கும்தான்! சித்தப்பா மாதிரி ஆட்களுக்கோ போர்டும் பயன் இல்லை. அவர்களுக்குக் குரல்தான் போர்டு.

*

இந்தக் கணக்கு தப்பாகிப் போன ஒரு கதை நம்ம சென்னையிலேயே நடந்தது.

2023 பிப்ரவரி 26. சென்னை சென்ட்ரலில் வெளியூர் ரயில்களுக்கான அறிவிப்புக் குரலை நிறுத்தினார்கள். விமான நிலையம் மாதிரி 'சைலன்ட் ஸ்டேஷன்' ஆக்கிப் பார்க்கும் சோதனை. யோசிக்காமல் செய்தார்கள் என்று சொல்லிவிட முடியாது. நுழைவாயில்களில் பெரிய டிஜிட்டல் திரைகள், மூன்று மொழிகளில். பார்வையற்றவர்களுக்குத் தடவிப் பார்க்க பிரெயில் வழிகாட்டிப் படம். காது கேளாதவர்களுக்கு க்யூ.ஆர். கோடு வழியாகச் சைகை மொழி விளக்கம். விசாரணைக் கவுன்ட்டரில் ஆட்கள்.

நோக்கத்திலும் தப்பில்லை. நம்ம ஸ்டேஷன்களின் இரைச்சலைப் பற்றி நானே நாலு பக்கம் புலம்புவேன்.

ஆனால் ஏர்போர்ட்டும் சென்ட்ரலும் ஒன்றா, சார்? ஏர்போர்ட்டுக்கு வருகிறவர் இரண்டு மணி நேரம் முன்னாடியே வந்து, கேட் நம்பர் அச்சடித்த போர்டிங் பாஸோடு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சென்ட்ரலுக்கு வருகிறவர்? வால்டாக்ஸ் ரோட்டில் ஆட்டோ மாட்டிக்கொண்டு, எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது, தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, பின்னால் மாமியாரோடு ஓடிவருவார். இரண்டு கையும் நிறைந்திருக்கிறது, கண் குழந்தையின் மேல். காலியாக இருப்பது காது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால்?

பிரெயில் படத்திலும் ஒரு சிக்கல். டாய்லெட் எங்கே, படி எங்கே என்று அது சொல்லும். நல்லது. 'இன்றைக்கு உங்கள் வண்டி நாலாவது பிளாட்பாரத்திலிருந்து ஒன்பதாவதுக்கு மாறிவிட்டது' என்று அது சொல்லாது. மாறாததை எழுதி வைக்கலாம். மாறுவதைச் சொல்லியாக வேண்டும்.

பயணிகள் புகார் செய்தார்கள். பார்வையற்றோரின் குரல் முன்னால் நின்றது. போக்குவரத்து வசதிகள் மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 2016-ம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. சோதனை நீடிக்கவில்லை. மார்ச் மாதத்திலேயே சென்ட்ரலுக்குக் குரல் திரும்பியது. எடுத்த முடிவைத் திருத்திக்கொண்டதற்கு ஒரு சபாஷ் போடலாம்.

*

அப்போ ஸ்டேஷன் கலகலப்பாக இருக்கவே கூடாதா? யார் சொன்னது! ஜப்பானைப் பாருங்கள்.

அங்கே 1989-லிருந்து வண்டி புறப்படுமுன் 'ட்ர்ர்ர்ர்' மணிக்குப் பதிலாகச் சின்ன மெட்டு ஒன்று ஒலிக்க ஆரம்பித்தது. டோக்கியோவின் தகதனோபாபா ஸ்டேஷனில் 'ஆஸ்ட்ரோ பாய்' கார்ட்டூன் மெட்டு! தூங்கி விழுகிற ஆபீஸ்காரருக்குக்கூடக் காதிலேயே ஸ்டேஷன் தெரிந்துவிடும். இன்னொரு சமாசாரம்: பல ஸ்டேஷன்களில் பிளாட்பாரப் படிக்கட்டு இருக்குமிடத்தில் ஸ்பீக்கரிலிருந்து பறவை கூவும். அழகுக்கு என்று நினைப்பீர்கள். பார்வையற்றவர்களுக்குப் 'படி இங்கே இருக்கிறது' என்று சொல்கிற குரல் அது.

நம்ம மெட்ரோ ஸ்டேஷன்களில் தரையில் மஞ்சளாக, மேடு மேடாக ஓடுகிறதே ஒரு டைல்ஸ் வரிசை? 'டிசைன்' என்று நினைத்து அதன்மேல் பெட்டியை உருட்டுகிறோமே? அதுவும் ஜப்பான் சரக்குதான். செய்ச்சி மியாகே என்பவர் கண்டுபிடித்தது. 1967-ல் ஒகயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளிக்குப் பக்கத்தில் முதலில் பதித்தார்கள். கால் வைத்துப் படிக்கிற போர்டு! கரன்ட் வேண்டாம், ரிப்பேர் வராது.

எலெக்ட்ரானிக்தான் வேண்டும் என்றால் செக் நாட்டுப் பிராக் நகரத்துக்குப் போகலாம். பார்வையற்றவர் கையில் ஒரு குட்டி ரிமோட். டிராம் வந்து நின்றதும் பட்டனை அழுத்தினால், நான் இத்தனாம் நம்பர், இந்த ஊருக்குப் போகிறேன் என்று டிராமே வாய் திறந்து சொல்லும். இன்னொரு பட்டனை அழுத்தினால், பார்வையற்றவர் ஏறப்போகிறார் என்று டிரைவருக்குத் தெரியும். நம்ம டெல்லி ஐ.ஐ.டி.க்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. 'ஆன்போர்டு' என்று இதே மாதிரி பஸ் நம்பர் சொல்லும் கருவி செய்து, டெல்லியிலும் மும்பையிலும் பஸ்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

இதற்குப் பெயர்தான் ஸ்மார்ட். கேட்டவருக்கு, கேட்ட நேரத்தில், அவருக்குப் புரிகிற விதத்தில் பதில்.

*

இனி காசு விஷயம். படித்தது பி.காம்., அதனால் வரவு செலவு பார்க்காமல் இருக்க முடியவில்லை. போர்டுக்குக் காசு போடுவது பல இடங்களில் விளம்பரம். அதில் பாவம் இல்லை. ஆனால் ஒரு நிமிஷத்துக்கு 60 விநாடிதான், ஓவர்டிராஃப்ட் கிடையாது! அன்று அந்த ஜங்ஷனில் அடுத்த சுற்றை எண்ணிப் பார்த்தேன். பனியன், நகை, காலேஜ், சுத்தம் நாலும் சேர்ந்து 40 விநாடி. மிச்சம் 20. மூன்று மொழிக்குப் பிரித்தால் ஆளுக்கு 6 விநாடி சொச்சம். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கம். ஆக, என் வண்டி தமிழில் தலைகாட்டுவது நிமிஷத்துக்கு மூணே கால் விநாடி. பனியனுக்கு 10 விநாடி. பனியன் எங்கேயும் ஓடிவிடாது, சார். வண்டி ஓடிவிடும்!

யார் கையில் சாவி இருக்கிறது என்பதும் முக்கியம். 2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை காலை, பாட்னா ஜங்ஷன் டி.வி. திரைகளில் விளம்பரத்துக்குப் பதில் ஆபாசப் படம் ஓடியது. ஒரு விநாடி, இரண்டு விநாடி இல்லை, சுமார் மூன்று நிமிஷம்! குடும்பம் குட்டியோடு நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வழக்குப் போட்டார்கள், ஏஜென்சியின் ஒப்பந்தம் போனது. சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் தப்பான படம் ஓடக்கூடிய திரையில், தப்பான பிளாட்பாரம் ஓட எவ்வளவு நேரமாகும்?

கம்ப்யூட்டரே படுத்துவிட்டால்? அதையும் பார்த்தாயிற்று. 2024 ஜூலை 19-ம் தேதி ஒரு பாதுகாப்பு சாஃப்ட்வேரின் கோளாறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் கம்ப்யூட்டர்கள் முடங்கின. ஏர்போர்ட்டுகளில் ஸ்கிரீன் காலி. டெல்லி ஏர்போர்ட்டில் வெள்ளைப் பலகையைக் கொண்டுவந்து விமானங்களைக் கையால் எழுதினார்கள். சாக்பீஸ் போய் ஸ்கெட்ச் பேனா வந்ததுதான் முன்னேற்றம். எழுத ஒரு ஆளும் ஒரு பலகையும் தயாராக இருந்தது நல்லதாகப் போயிற்று.

கடைசியாக, சிரிக்க முடியாத ஒரு சம்பவம். 2025 பிப்ரவரி 15 இரவு, புதுடெல்லி ஸ்டேஷன். கும்பமேளாவுக்குப் புறப்பட்ட கூட்டம். நெரிசலில் 18 பேர் இறந்தார்கள். 'பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ்', 'பிரயாக்ராஜ் ஸ்பெஷல்' என்று ஒரே மாதிரி பெயருள்ள வண்டிகளால் ஏற்பட்ட குழப்பம் என்று போலீஸ் தரப்பு முதலில் சொன்னது. ஒருவர் தலையிலிருந்து பெரிய சுமை விழுந்ததில் தொடங்கியது என்று பிறகு நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. எதுவாக இருந்தாலும் ஒன்று நிச்சயம். பிளாட்பாரத்தில் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்கு நடுவே ஒரு சொல் தெளிவாகக் கேட்கிறதா, இல்லையா என்பது வெறும் வசதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை.

*

அதனால் ஸ்டேஷன்களை அலங்கரிக்கக் கிளம்பியிருக்கும் பெரியவர்களுக்கு ஒரு எளிய விண்ணப்பம்:

ஒன்று, விளம்பரம் ஓடட்டும். ஆனால் வண்டிப் பட்டியலுக்கென்று ஒரு திரை தனியாக, அசையாமல் நிற்கட்டும்.

இரண்டு, எந்த ஊரோ, அந்த ஊர் மொழி முதலில் வரட்டும்.

மூன்று, பிளாட்பாரம் மாறினால் போர்டு மட்டும் மாறினால் போதாது. ஒரு மணி ஒலித்து, குரல் சொல்ல வேண்டும். மெதுவாக, இரண்டு தடவை. வண்டி பெயரோடு நம்பரையும் சேர்த்து.

நான்கு, கரன்ட் போனால் எழுத ஒரு பலகையும் ஒரு ஆளும் தயாராக இருக்கட்டும்.

ஐந்து, புது போர்டைத் திறந்து வைக்க வி.ஐ.பி.யைக் கூப்பிடுங்கள், வேண்டாம் என்கவில்லை. அதற்கு முதல் நாள் ஒரு போர்ட்டரையும், பார்வை இல்லாத ஒருவரையும், படிக்கத் தெரியாத ஒரு பாட்டியையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். மூன்று பேரும் சரியான வண்டியில் ஏறிவிட்டால் போர்டு பாஸ்!

*

அன்றைக்கு போர்ட்டர் புண்ணியத்தில் வண்டியைப் பிடித்துவிட்டோம். பெட்டி சொன்ன இடத்தில்தான் நின்றது. சித்தப்பாவை ஜன்னலோரம் உட்கார வைத்தேன்.

மாசம் ஒரு தடவை பேத்தியைப் பார்க்கத் தனியாகவே போய்வந்துகொண்டிருந்த மனுஷன் அவர். காதை வைத்துக்கொண்டே காலம் தள்ளினார். 'கூட வரட்டுமா?' என்றால் கோபம் வரும். அந்த ராத்திரிக்குப் பிறகு தனியாகப் போவதில்லை. எனக்கு எப்போது ஒழியும் என்று பார்த்துக்கொண்டு, காலண்டர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். கேட்கவும் கூச்சம். "பாப்பாவுக்குப் பரீட்சை முடிஞ்சிருக்கும்" என்று மட்டும் சொல்வார்.

போன வாரம் நானே கேட்டேன். "ஸ்டேஷன்ல உங்களுக்கு என்ன வசதி இருந்தா நல்லா இருக்கும் சித்தப்பா?"

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பெரிசா ஒண்ணும் வேணாம்டா. வண்டி எங்க வருதுன்னு யாராவது காதுல விழற மாதிரி சொல்லிட்டா போதும். மிச்சத்தை நான் பாத்துக்குவேன்."

கண் தெரியாத மனுஷன் 'பாத்துக்குவேன்' என்கிறார். ஸ்டேஷன்காரர்களே, கனிவான கவனத்திற்கு!